வெளிநாட்டு உதவிப் பணம் போச்சு, மீட்டிங்குக்கு நாங்க எதுக்கு?

அண்ணா வணக்கம். அமெரிக்கா பணம் நின்னதுல எங்க கிளினிக்ல இருந்த எச்ஐவி கவுன்சிலருங்க போயிட்டாங்க. இப்போ எதை வெச்சுக்கலாம், எதை விடலாம்னு ஏரியா ஜனங்களைக் கூப்பிட்டு மீட்டிங் போடுறாங்க. டாக்டருங்க முடிவு பண்ற விஷயத்துல நமக்கு என்ன தெரியும்? நாளைக்குப் பழியை நம்ம தலையில கட்டத்தானோன்னு தோணுது. போகணுமா?
ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

தங்கச்சி, பழிக்காகவும் இருக்கலாம், ஆனாலும் போங்க.

2025 ஜனவரில டிரம்ப் வெளிநாட்டு உதவிய நிறுத்தினதுல பெப்ஃபார்னு எச்ஐவிக்காக அமெரிக்கா குடுத்துட்டிருந்த பணமும் மாட்டிக்கிச்சு. அது நம்ம நாட்டு எச்ஐவி செலவுல சுமார் 17 சதவீதமாத்தான் இருந்துச்சு, எச்ஐவிய அடக்கி வைக்கிற ஏஆர்வி மாத்திரைய பெரும்பாலும் நம்ம அரசாங்கமே வாங்குது, அதனால மாத்திரையே கிடைக்காதுன்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க. போனது ஆளுங்க. மாத்திரை வாங்க வராதவங்களுக்கு போன் போடுறவங்க, வீடு தேடிப் போறவங்க, டெஸ்ட் எடுத்துட்டு பக்கத்துல உக்காந்து பேசுறவங்க, கம்ப்யூட்டர்ல பதியறவங்க. யாரு வரலன்னே தெரியலன்னா அலமாரில மாத்திரை இருந்து என்ன புண்ணியம்? விடியக்காலைல எத்தனை மணிக்கு க்யூ ஆரம்பிக்குது, வேலைக்குப் போறவங்க எந்த நாள்ல வர முடியும், வெளிய ஃபார்மசில குடுத்தா வாங்கிப்பாங்களா, இதெல்லாம் டாக்டரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பயம் வேற. கை தூக்கச் சொன்னா நம்ம ஏரியால சர்க்கரையும் பிரஷரும்தான் ஜெயிக்கும், நம்மள்ல சர்க்கரை இல்லாத குடும்பம் எது சொல்லுங்க, அதுக்கு எல்லாரும் தைரியமா கை தூக்குவாங்க. எச்ஐவிக்கு யாரு தூக்குவா? நாட்டுலயே அது ரொம்ப அதிகமா இருக்கிற மாகாணங்கள்ல ஒண்ணான க்வாஸூலு-நடால்ல உக்காந்துக்கிட்டு நம்ம இந்திய ஜனங்களுக்கு மட்டும் இல்லன்னு பேசிக்கிறோம், கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுல யாராவது வாயத் திறப்பாங்களா? அதனால வோட்டுன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. அந்த நோயோட வாழ்றவங்களையும் வேலை போன கவுன்சிலருங்களையும் முதல்ல பேச விடச் சொல்லுங்க, முகம் காட்ட முடியாதவங்க சொல்றத எழுதி வாங்கிட்டு வந்து படிக்கச் சொல்லுங்க. எச்ஐவி மருந்துக்காகப் போராட நம்ம நாட்டுல 1998ல ஆரம்பிச்ச ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்ல முன்னாடி நின்னது அந்த நோயோட வாழ்றவங்கதான், தாய்கிட்டேருந்து குழந்தைக்குத் தொத்தாம இருக்க நெவிரபின் மருந்தை அரசாங்கம் குடுக்கணும்னு 2002ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. அவங்களும் டாக்டருக்குப் படிச்சவங்க இல்லையே.

இன்னொண்ணு, கணக்கைக் கேளுங்க. எந்த வேலைக்கு யாரு சம்பளம் குடுத்தாங்க, எது எப்போ நிக்குது, மாகாணம் எதை ஏத்துக்குது, இதைப் பேப்பர்ல முன்னாடியே குடுக்காம சும்மா அபிப்பிராயம் சொல்லுங்கன்னா என்னத்த சொல்றது. லிஸ்ட் ஏற்கெனவே ரெடியா இருந்து அட்டெண்டன்ஸ் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, நாங்க ஒத்துக்கலன்னு மினிட்ஸ்ல எழுதச் சொல்லிட்டு வாங்க. 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட்ல ஏரியா ஜனங்களும் உறுப்பினரா இருக்கிற கிளினிக் கமிட்டின்னே ஒண்ணு இருக்கு, உங்க கிளினிக்ல அதுல யாரு யாரு இருக்காங்கன்னும் அப்படியே விசாரிச்சு எழுதுங்க.