36 வயதில் ஏடிஹெச்டி பரிசோதனை அவசியமா?

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாடு இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தார். அதற்கான வினாப்படிவத்தை நிரப்பும்போது, பாதிக்கு மேல் என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. எனக்கு வயது 36. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதும், கையில் பணம் இருந்தும் மின்கட்டணத்தை அபராதத்தோடு கட்டுவதும் எனக்கு வாடிக்கை. "எல்லாருக்கும் இருக்கிற மறதிதானே, இதற்குப் போய் வைத்தியமா?" என்கிறார் கணவர். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இது குடும்பங்களில் வலுவாகத் தொடரும் குறைபாடு. பிள்ளைக்கு உறுதியான பிறகு தாயோ தந்தையோ தம்மையே அதில் அடையாளம் காண்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. மறதி எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது எப்போது தொடங்கியது, எத்தனை இடங்களில் தலைகாட்டுகிறது, வாழ்க்கையை எவ்வளவு குலைக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 2013இல் வெளியான, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டின் வரையறையின்படி, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குக் கவனமின்மைப் பிரிவிலோ, மிகைத்துடிப்பும் அவசரமும் சார்ந்த பிரிவிலோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மட்டுமல்லாமல் வேலையிடம் போன்ற வேறோர் இடத்திலும் அவை இடையூறாக இருக்க வேண்டும். ஆகவே பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளைத் தேடி எடுங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்று நான்காம் வகுப்பு ஆசிரியை எழுதிவைத்த ஒரு வரி, இன்று நீங்கள் நிரப்பும் படிவத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். உங்கள் அம்மாவிடமும் விசாரியுங்கள்.

வகுப்பில் ஓடியாடும் பையனை எல்லாரும் கவனிக்கிறார்கள். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுமியை யாரும் கவனிப்பதில்லை. அதனால் பெண்கள் பலருக்கு, வீடும் வேலையும் பிள்ளையின் படிப்பும் ஒன்றாகத் தலைமேல் விழும் வயதில்தான் இது வெளிப்படுகிறது. ஆரி வேலை செய்ய உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் அசையாதவரால், ஒரு பக்க வங்கிப் படிவத்தை நிரப்ப முடியாமல் போகலாம். கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலில்தான் கோளாறு இருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்லிச் சொல்லியே பலருடைய தன்னம்பிக்கையை நாம் சிதைத்திருக்கிறோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இதை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக்கொடுக்காது. இணையத்தில் கிடைக்கும் வினாத்தாளும் முடிவாகாது. தூக்கக்குறைவு, தைராய்டு கோளாறு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் தரும் என்பதால், மனநல மருத்துவர் அவற்றையும் ஆராய்ந்த பிறகே முடிவு சொல்வார்.

மாத்திரையைப் பொறுத்தவரை, இதற்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய மருந்து என்பதால்தான் அதன் விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவில், அவருடைய கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவர் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. பசியும் தூக்கமும் குறையலாம். ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இதய நோய் இருந்தாலோ, கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு மாற்றாக அடோமாக்செடின் என்ற மருந்தும் உண்டு. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எக்காரணத்தைக் கொண்டும் மகனுடைய மாத்திரையை நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள்.

மின்கட்டணத்தைத் தானாகக் கழியும்படி இன்றே வங்கியில் ஏற்பாடு செய்துவிடலாம். அடுப்பைப் பற்றவைக்கும் அதே கையோடு அலாரம் வைக்கலாம். மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருந்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதல் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். கூட வாழ்பவர் சொல்வது மருத்துவருக்கு வேண்டும். அவருடைய சந்தேகத்தையும் அங்கேயே நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.