நர்ஸ் பிராக்டிஷனர் ஆக எந்தப் படிப்பு? கேள்வி பதில்

நான் டெக்சாஸில் ஒரு குடும்ப மருத்துவக் கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்பயிற்சி பெற்ற செவிலியராக, இருக்கிறேன். அமெரிக்காவில் இப்பணிக்குப் படிக்க விரும்பும் நம் செவிலியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐசியூவில் 4 ஆண்டு வேலை. எந்தப் பிரிவில் சேரலாம், அக்கா? எல்லோரும் குடும்பப் பிரிவையே சொல்கிறார்கள்.

முதலில் என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க உரிமத் தேர்வு எழுதிப் பதிவு செவிலியர் உரிமம் வாங்குங்கள். பிறகுதான் முதுநிலைப் படிப்பு. பிரிவைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. பலர் பட்டத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். எந்த நோயாளியின் பக்கத்தில் நிற்கப் போகிறோம் என்று யோசிப்பதில்லை. குடும்பப் பிரிவு படித்தால் பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை பார்க்கலாம். ஆனால் அது கிளினிக்குக்கான பயிற்சி. வென்டிலேட்டரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர், முதியோருக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. மனநலம் தனி, பெண்கள் நலம் தனி. பின்னால் பிரிவு மாற நினைத்தால் மறுபடி படிப்பு, மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. உங்கள் மனம் ஐசியூவில் இருந்தால் குடும்பப் பிரிவுக்கு வராதீர்கள்.

பணம் கட்டுமுன் கல்லூரியிடம் ஒன்று கேளுங்கள்: பிரிசெப்டரை யார் ஏற்பாடு செய்வார்கள்? நோயாளிகளிடம் நாம் பயிலும்போது கூடவே நின்று வழிநடத்துபவர் அவர். நான் படித்த இடத்தில் அதை மாணவர் தலையிலேயே கட்டினார்கள். இரவுப் பணி முடித்து, காரில் உட்கார்ந்தபடி 41 கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். ஒரு பருவம் வீணானது.

முனைவர் பட்டம் கட்டாயமா?

இல்லை. முதுநிலையே போதும். மயக்க மருந்து செவிலியர் படிப்புக்குத்தான் முனைவர் பட்டம் கட்டாயமாகியிருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலை முடித்திருக்கிறேன். நேரே வரலாமா?

பதிவு செவிலியராக வரலாம். நர்ஸ் பிராக்டிஷனராக முடியாது. சான்றிதழ்த் தேர்வு எழுத இங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும்.

நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயம்தான் படித்திருக்கிறேன். நான் சேரலாமா?

பி.எஸ்சி. தகுதி வேண்டும். ஊரில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டு படிக்கலாம். இங்கே வந்தபின் இணைப்புப் படிப்பும் உண்டு.

வார்டு அனுபவம் எதற்கு, மேடம்? செவிலியர் அனுபவம் இல்லாமலே சேரும் நேரடிச் சேர்க்கைப் படிப்புகள் இருக்கின்றனவே. நோயறிதல் வேறு, செவிலியர் வேலை வேறு.

இதை ஏற்க மாட்டேன். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியது செவிலியர்களுக்காகத்தான்.

சென்ற மாதம் இருமல் என்று ஒருவர் வந்தார். ஷூ கயிறு இரண்டும் அவிழ்ந்து கிடந்தன. கட்ட மறக்கவில்லை, கால் நுழையாததால் தளர்த்தியிருந்தார். காலுறையை இறக்கினேன், விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. இரவில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறார். இருமலுக்குக் காரணம் இதயம்: அது பலவீனமானதால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்கியிருந்தது. ஷூவைப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது இரவு வார்டு.

அதே வாசகர்: அதைப் பயிற்சி நேரத்தில் கற்க முடியாதா? குறைந்தது 750 மணி நேரம் என்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான புதிய தரவிதி சொல்கிறதே.

உங்கள் கணக்குப்படியே வாருங்கள். வாரம் 36 மணி நேரம் வேலை செய்யும் செவிலியருக்கு அது ஐந்து மாதம்கூட இல்லை. நேரடிச் சேர்க்கையில் வந்த நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் அவர்கள் பட்ட தவிப்பையும் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் எவ்வளவு?

நான்காவது முறை கேட்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருத்துவருடன் ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுதும் உரிமையும் அப்படித்தான்: அரிசோனாவில் உண்டு, டெக்சாஸில் இல்லை. அதை விசாரியுங்கள்.

அக்கா, முதல் கேள்வி கேட்டவள் நான்தான். ஒரு கல்லூரியிடம் கேட்டேன். பிரிசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லை.

கட்டாதே, தங்கச்சி. அடுத்த கல்லூரியைக் கேள்.