வந்தியத்தேவனை வரையலாம், மணியம் போட்ட குதிரையை வரையக்கூடாது

கேள்வி: நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். படித்த கதை, கேட்ட பாட்டு இவற்றை வைத்து வாட்டர்கலரில் படம் போடுவேன். 12 படங்களோடு ஒரு காலண்டர் அச்சிட்டு விற்க ஆசை. பொன்னியின் செல்வன் காட்சிகள் 5, குறுந்தொகை 3, பாரதியார் 2, பாபநாசம் சிவன் கீர்த்தனை 1, கண்ணதாசனின் சினிமாப் பாட்டு 1. ஒவ்வொரு படத்தின் கீழும் பாட்டு வரியை எழுதியிருக்கிறேன், குறுந்தொகைக்கு ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளும் உண்டு. வந்தியத்தேவன் குதிரைக்கு மட்டும் பழைய தொடர்கதைப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். அச்சகத்தில் அறிமுகமான ஒருவர், "எல்லாவற்றுக்கும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, காப்பிரைட் பதிவும் செய்து தருகிறேன், 18,000 ரூபாய். இல்லாவிட்டால் கேஸ் வரும்" என்கிறார். கொடுக்கலாமா? ஒரு பதிப்பகம் அட்டைப்படமும் கேட்டிருக்கிறது. அதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொன்னியின் செல்வன், குறுந்தொகை, பாரதியார் ஆகிய மூன்றின் மூல வரிகளுக்கும் என்.ஓ.சி. தர இன்று யாருக்கும் அதிகாரம் இல்லை. எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரைக்கும்தான் நம் சட்டத்தில் பதிப்புரிமை. கல்கி மறைந்தது 1954ல். அந்த 60 ஆண்டு முடிவதற்கு முன்பே அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு 1949லேயே வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. குறுந்தொகைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இது தெரியாதவர்களைத்தான் இந்த ஏஜென்ட்டுகள் குறிவைக்கிறார்கள். பாரதியார் பாட்டுக்கு "அனுமதிக் கடிதம்" என்று 3,500 ரூபாய் கொடுத்து வாங்கிய தாளை ஒருவர் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். வழவழப்பான லெட்டர்ஹெட், ஊதா நிறத்தில் வட்ட சீல். கையெழுத்துப் போட்டவர் யார், எந்த உரிமையில் போட்டார் என்று அதில் ஒரு வரி கிடையாது. பணம் கொடுத்து ஏமாந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

இனி, உண்மையிலேயே நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அந்தக் குதிரை. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது கல்கியின் எழுத்து. அதை நீங்கள் நூறு விதமாக வரையலாம். ஆனால் தொடராக வந்தபோது அதற்குப் படம் போட்டவர் மணியம். அவர் மறைந்தது 1968ல். அந்தக் கோடுகளுக்கு 2028 டிசம்பர் 31 வரை உயிர் இருக்கிறது. கதை நாட்டுடைமை ஆனதால் படமும் நாட்டுடைமை ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குதிரை மடக்கிய முன்னங்கால், கழுத்தின் வளைவு, நந்தினியின் தலை சாய்ந்த கோணம் இவற்றை டிரேஸ் எடுத்தாலோ, பார்த்து அப்படியே போட்டாலோ, நிறம் மாற்றியதால் அது உங்களுடையது ஆகாது. ஊரில் குதிரை வைத்திருப்பவர் யாராவது இருப்பார். ஒரு காலை நேரம் ஸ்கெட்ச் புத்தகத்தோடு போய் நின்று அந்த ஒரு படத்தைப் புதிதாகப் போடுங்கள். 2022ல் வந்த திரைப்படத்தின் நடிகர் முகங்களையும் தொடாதீர்கள்.

அடுத்தது பாட்டு. ஒரு பாட்டைக் கேட்டு உங்கள் மனதில் எழுந்த காட்சி உங்களுடையது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. ராகத்துக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சிக்கல் எல்லாம் படத்தின் கீழே நீங்கள் எழுதிய வரியில்தான். கீர்த்தனை என்றாலே பழையது என்ற எண்ணத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தியாகராஜர் 1847ல் மறைந்தவர், அவர் வரியைத் தாராளமாக எழுதலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல்; 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணதாசன் 1981ல் மறைந்தார், 2041 வரை. ராமானுஜன் 1993ல் மறைந்ததால், அந்த ஆங்கில வரிகளுக்கு 2053 வரை உரிமை உண்டு. "செம்புலப் பெயல்நீர்" என்ற குறுந்தொகை வரி உங்களுடையது, என்னுடையது, எல்லோருடையதும். அதன் ஆங்கிலத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். "நாலு வரிக்கு மேல் போனால்தான் தப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கேயும் இல்லை.

சினிமாப் பாட்டு வரிக்கு அனுமதி யாரிடம் கேட்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கவிஞர் தயாரிப்பாளருக்குக் கொடுத்திருப்பார், தயாரிப்பாளர் இசை நிறுவனத்துக்கு விற்றிருப்பார், அது வேறொன்றின் கைக்குப் போயிருக்கும். பதிவு கட்டாயமில்லை என்பதால் பதிவேட்டைப் புரட்டினாலும் பெரும்பாலும் பயன் இல்லை. இப்படிப்பட்ட சில தகராறுகளை விசாரிக்கச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021ல் மூடிவிட்டார்கள். இப்போது வணிக நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றம். 200 ரூபாய்க் காலண்டர் விற்கும் ஒருவர் அங்கே ஏறி இறங்க முடியுமா? "கம்பெனி ஆள்" என்று வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உரிமை கைமாறிய பத்திரத்தின் நகல். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமைமாற்றம் செல்லாது. நகல் கேட்டதும் பெரும்பாலானவர்கள் போனை எடுக்கமாட்டார்கள்.

பதிவைப் பொறுத்தவரை, வரைந்து முடித்த நொடியே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு வழக்கில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். வேண்டுமென்றால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம். ஓவியம் ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். விற்கும் பொருள்களில் பயன்படுகிற ஓவியம் என்றால் 2,000. ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகு மாதக்கணக்கில் மௌனம். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. பென்சில் ஸ்கெட்ச்சுகளைத் தேதி போட்டு எடுத்துவையுங்கள்.

அட்டைப்படத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைந்தவருக்கே உரிமை என்று இப்போது சொன்னதற்கு இது விதிவிலக்கு. பணம் கொடுத்து ஒருவர் சொல்லிச் செய்வித்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் செய்வித்தவர்தான் என்கிறது சட்டத்தின் 17ஆம் பிரிவு. நீங்கள் வரைந்தாலும் பதிப்பகத்துக்குச் சொந்தம். பிறகு அதையே அவர்கள் பையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றால் உங்களால் கேட்க முடியாது. அந்த "வேறு ஒப்பந்தம்" முத்திரைத்தாளில் இருக்க வேண்டும் என்பதில்லை. தூரிகையைத் தொடுவதற்கு முன், முன்பணம் வாங்குவதற்கும் முன், ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "ஓவியத்தின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். இந்த நூலின் அட்டையில் அச்சிட மட்டும் உங்களுக்கு அனுமதி. மூல ஓவியத்தைத் திருப்பித் தரவேண்டும்." அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகு வரையுங்கள். போனில் சொன்னார்கள், நல்ல மனிதர் என்றெல்லாம் நம்பி வரைந்து கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததே இல்லை. உரிமையையே எழுதித் தரும்படி பதிப்பகம் கேட்டால் காலமும் இடமும் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே உங்களைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் அவர்கள் தயாரிக்கும் தாளில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

காலண்டரில் நீங்கள் மாற்ற வேண்டியது இவ்வளவுதான்: குதிரை, குறுந்தொகையின் ஆங்கிலம், சிவன் பக்கத்திலும் கண்ணதாசன் பக்கத்திலும் உள்ள வரிகள். அந்த இரண்டு படங்களும் அப்படியே இருக்கட்டும், கீழே வெறும் தேதிகளோடு.