இருளும் அதன் மறுநாளும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்த அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சிலவற்றை அண்மையில் மீண்டும் வாங்கினேன். அன்று என்னை உலுக்கிய பேட்மேன், டேர்டெவில் கதைகளின் இருள் இன்றைய படங்களில் இல்லை. நான் ஏங்குவது அந்தக் கதைகளுக்கா, என் இருபது வயதுக்கா? பதினைந்து வயதாகும் என் மகனுக்கு அவற்றைக் கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் இருபது வயதின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கதைகளில் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அது இருள் அல்ல. ஓர் இதழில் பட்ட அடி அடுத்த மாத இதழிலும் வலித்தது என்பதே அது.

ஃபிராங்க் மில்லர் எழுதி, டேவிட் மாஸுக்கெல்லி வரைந்து 1986இல் டேர்டெவில் மாத இதழில் வெளிவந்த ‘பார்ன் அகெய்ன்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். போதைப் பழக்கத்தில் சீரழிந்துவிட்ட முன்னாள் காதலி கேரன் பேஜ், ஒரே ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஹெராயினுக்காக, டேர்டெவிலின் முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் வழக்கறிஞர் மாட் மர்டாக் என்ற ரகசியத்தை விற்றுவிடுகிறாள். அது நியூயார்க் குற்ற உலகின் தலைவன் கிங்பின்னின் கைக்கு வருகிறது. அவன் அடியாட்களை அனுப்புவதில்லை. வீட்டுக்கடன் தவணை வந்து சேரவில்லை என்று வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. வருமான வரித் துறை கணக்கை முடக்குகிறது. ஒரு போலீஸ்காரர் பொய்ச்சாட்சி சொல்ல, வழக்கறிஞர் தொழிலே பறிபோகிறது. கடைசியில் வீடு வெடித்துச் சிதறும்போதுதான் இத்தனைக்கும் பின்னால் யார் இருக்கிறான் என்பது மாட்டுக்குப் புரிகிறது. அந்த வெடியை வைக்காமல் இருந்திருந்தால் கிங்பின் வென்றிருப்பான்.

மாஸுக்கெல்லியின் தலைப்புப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் இதழில் மாட் தன் வீட்டுப் படுக்கையில் கிடக்கிறான். அடுத்ததில் மலிவான விடுதிக் கட்டிலில் உடலைக் குறுக்கிக்கொண்டு. அதற்கடுத்ததில் சந்தில், குப்பைகளுக்கு நடுவே. மேலிருந்து பார்க்கும் அதே கோணம், அதே மனிதன். அவன் எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறான் என்பதைச் சொல்ல ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. கதை முடியும்போது இழந்த வீடோ தொழிலோ திரும்பக் கிடைப்பதில்லை. தன்னை விற்ற அதே கேரனோடு நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதித் தெருவில் அவன் நடந்து போகிறான். விரல்கள் உடைக்கப்பட்ட பிறகு பயத்தில் வாயடைத்துப்போய், பின்னர் மெல்ல மெல்லப் பேசத் துணியும் பத்திரிகையாளர் பென் யூரிக்தான் என் வரையில் அத்தொடரின் உண்மையான வீரர்.

இருள் மட்டுமே போதும் என்று நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை உங்கள் நினைவு வடிகட்டிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் கடைகளை நிறைத்தவை பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய துப்பாக்கிகளோடு நின்ற நாயகர்களும், ஒரே இதழை வெவ்வேறு அட்டைகளோடு விற்ற பதிப்புகளும்தான். 1992 இறுதியில் சூப்பர்மேனைக் கொன்று பெரும் பரபரப்போடு விற்றார்கள். அடுத்த ஆண்டே உயிரோடு கொண்டுவந்தார்கள். சேமித்து வைத்தால் விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் விலகியதும் சந்தை சரிந்தது. 1996 டிசம்பரில், டேர்டெவிலை வெளியிடும் மார்வெல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

நாம் கொண்டாடும் படைப்புகளிலும் எனக்கு ஏற்க முடியாதவை உண்டு. ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த பேட்மேன் கதையான ‘தி கில்லிங் ஜோக்’ (1988) ஓவியத்தில் அபாரமானது. ஆனால் அதில் பேட்மேனின் எதிரி ஜோக்கர், முன்பு பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனைச் சுட்டு முடமாக்குவது, போலீஸ் கமிஷனரான அவளுடைய தந்தையின் மனதை உடைப்பதற்காக மட்டுமே. அவள் என்ன ஆனாள் என்று கேட்க அந்தக் கதைக்குப் பொறுமை இல்லை. கேட்டவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவருடைய மனைவி கிம் யேலும். 1989இல் தொடங்கி ‘சூசைட் ஸ்குவாட்’ இதழ்களில் அவர்கள் பார்பராவை ஆரக்கிள் என்ற பெயரில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கணினியின் வழியே மற்ற நாயகர்களுக்குத் தகவல் தந்து வழிநடத்துபவளாகக் கொண்டுவந்தார்கள். 2011 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அவள் அப்படியே இருந்தாள். எவ்வளவு ரத்தம் சிந்தியது என்பதைவிட, சிந்திய பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதில்தான் அக்காலத்தின் பெருமை இருக்கிறது. இன்றைய பல படங்களில் நகரமே தரைமட்டமானாலும் அடுத்த படத்தில் அதன் சுவடு தெரிவதில்லை. உங்களுக்கு அவை சப்பென்று இருப்பதற்கு வயது மட்டும் காரணமல்ல.

உங்கள் மகனுக்கு ‘பார்ன் அகெய்ன்’ தொடரைத் தயங்காமல் கொடுங்கள். போதை பற்றி அவன் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ‘தி கில்லிங் ஜோக்’ இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கட்டும். அப்போதும் அதைத் தனியாகக் கொடுக்காமல், ஆரக்கிள் வரும் இதழ்களையும் சேர்த்தே கொடுங்கள்.

அன்புடன்.