ஏழைக்குக் கொடுப்பதை பைபிள் ஏன் 'நீதி' என்கிறது?

கேள்வி: சங்கீதம் 112:9-இல் "ஏழைகளுக்குக் கொடுத்தான், அவன் நீதி என்றென்றைக்கும் நிற்கும்" என்று வருகிறது. கொடுப்பது இரக்கம்தானே, அதில் நீதி எங்கே வந்தது?

அங்கே உள்ள எபிரேயச் சொல் 'செதாக்கா'. நீதி என்பதுதான் அதன் பழைய பொருள். பிற்கால எபிரேயத்தில் ஏழைக்குப் போடும் காசுக்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் 'தர்மம்' மாதிரி. கையேந்துகிறவரும் "தர்மம் பண்ணுங்க" என்பார், பஞ்சாயத்தில் நியாயம் பேசுகிறவரும் "தர்மப்படி" என்பார். மத்தேயு 6:1-இல் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 'நீதி', பிந்திய பிரதிகளில் 'பிச்சை' என்று இருக்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'தர்மம்' என்று போட்டது. இரண்டு பொருளும் அதிலேயே அடங்கிவிட்டது.

நடைமுறையில் இது எப்படி என்று பார்க்க உபாகமம் 24-ஐ எடுங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே பொருளைக் கொண்டுவந்து தருவான். அவன் ஏழையாக இருந்து போர்வையை அடகு வைத்திருந்தால், பொழுது சாயும்போது திருப்பித் தந்துவிட வேண்டும், இரவில் அதைப் போர்த்திக்கொண்டுதான் அவன் படுப்பான். "அது உனக்கு நீதியாயிருக்கும்" என்கிறது 13-ஆம் வசனம். திரிகைக் கல்லை அடகு வாங்கவே கூடாது, வீட்டில் மாவு அரைக்க முடியாமல் போய்விடும். விதவையின் துணியையும் தொடக் கூடாது.

அறுவடையிலும் இதே கணக்குதான். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, ஒலிவ மரத்தை இரண்டாம் தடவை உதிர்க்கக் கூடாது. மிச்சம் பரதேசிக்கும் (அந்நிய தேசத்தானுக்கும்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது. ரூத் என்ற அந்நிய தேச விதவை ஒரு பகல் முழுக்கப் பொறுக்கித் தட்டியெடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை, சுமார் 22 லிட்டர். யாரிடமும் கையேந்தவில்லை. (சேலை கொடுத்துவிட்டு மேடையில் நிறுத்திப் போட்டோ எடுக்கிற சபைகள் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்கலாம்.)

ஆதித் திருச்சபை சறுக்கியது பங்கீட்டில். அப்போஸ்தலர் 6-இல் எருசலேமில் தினமும் நடந்த பந்தி விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு கிளம்பியதும் ஏழு பேரை நியமித்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று ஏழுமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் படுகிறது. சபை ஆதரிக்கும் விதவைகளின் பட்டியலுக்கும் பிறகு விதி வந்தது (1 தீமோத்தேயு 5): 60 வயதுக்குக் குறையக் கூடாது; பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் முதலில் அவர்கள் கவனிக்க வேண்டும், சபை மேல் பாரத்தை வைக்கக் கூடாது.

எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் வசூல் செய்தபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி தனியே எடுத்து வைக்கச் சொன்னார். தான் வந்து நிற்கும்போது அவசர வசூல் கூடாது என்பதற்காக. பணத்தைத் தனியாளாகக் கொண்டுபோகவும் அவர் சம்மதிக்கவில்லை. பெரிய தொகை, யாரும் குறை சொல்லக் கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). நீங்கள் கேட்ட சங்கீத வரியை அவர் எடுத்துச் சொல்வது அதற்கு அடுத்த அதிகாரத்தில், இதே வசூலைப் பற்றிப் பேசும்போதுதான்.