தேரியில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள அண்ணாச்சி,

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். படம் எடுப்பதில் பைத்தியம். போன வருடம் ஜெய்சால்மர் போய், சாம் மணல்மேடுகளில் சூரியன் மறைவதை எடுத்து வந்தேன். ஒட்டகம், ஜீப், கூட்டம் என்று ஒரு படம்கூட ஆளில்லாமல் அமையவில்லை. திரும்பி வந்த பிறகுதான் திருச்செந்தூர் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடுகள் இருப்பதே தெரிந்தது. இத்தனைக்கும் அப்பாவுக்கு உடன்குடிப் பக்கம்தான் சொந்த ஊர். தாத்தா பனையேறியவர் என்று சொல்வார்கள். டிசம்பர் நடுவில் வரலாம் என்றிருக்கிறேன். எந்த மேட்டில் நின்றால் சூரியன் மறைவது நன்றாகத் தெரியும்? எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எந்த லென்ஸ் நல்லது? டிரோன் விடலாமா? யாருமே இல்லாத வெறும் மணலாக, நம் ஊரிலும் ஒரு பாலைவனம் உண்டு என்று காட்டும்படி ஒரு படம் வேண்டும்.

– கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்று இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இப்போதெல்லாம் தேரிப் படங்கள் என் கைபேசிக்கு ஓயாமல் வருகின்றன. சிவந்த மணல், காற்று போட்ட வரிகள், ஓரத்தில் ஒரு சூரியன். எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், படம் மட்டும் ஒன்றேதான். எதிலும் மனித வாடையே இல்லை.

கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நடுவில் இங்கே மாலை 6 மணியை ஒட்டிப் பொழுது அடையும். 4 மணிக்கே போய்விடுங்கள். உச்சிவெயிலில் தேரி தட்டையாகக் கிடக்கும். வெயில் சாய்ந்தால்தான் மணல் வரிகளுக்கு நிழல் விழும். கேமராவை அதன் போக்கில் விட்டால், நிறத்தைச் சமப்படுத்துகிறேன் என்று இந்தச் சிவப்பைச் செத்த பழுப்பாக்கிவிடும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகல்வெயிலுக்கு நிறுத்தி வையுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். மற்ற நிறங்கள் அடக்கமாக இருக்கும்போதே சிவப்பு எல்லையைத் தாண்டிவிடும். பிறகு மணலின் பொடிப்பொடி விவரம் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். லென்ஸ் எதுவானாலும் சரி, மணலில் நின்றுகொண்டு கழற்றி மாட்டாதீர்கள். எந்த மேடு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சூரியன் எல்லா மேட்டுக்கும் பொது. இருட்டிய பிறகு தனியாக நிற்க வேண்டாம். ஒரு மேட்டைப் போலவே அடுத்த மேடும் இருக்கும், வழி தப்பும். சுருட்டை விரியனும் நடமாடும் மண் அது.

இனி, ‘யாருமே இல்லாத வெறும் மணல்’ என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். தாத்தா பனையேறியவர் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் லென்ஸ் விசாரிக்கிறீர்கள். அவர் எங்கே ஏறினார் என்று நினைக்கிறீர்கள், தம்பி?

என் பெரியப்பாவும் தேரி விளிம்பில் பனையேறியவர்தான். பங்குனி தொடங்கி ஆடி வரை காலையிலும் மாலையிலும் ஏற வேண்டும். இடுப்பில் அரிவாள் பெட்டி, கால்களைப் பிணைக்கத் தளைநார், தோளில் மரத்தில் சாய்த்து மிதித்து ஏற முருக்குத்தடி. காலையில் பதநீரை இறக்கினால், மாலையில் பனம்பூங்குலையான பாளையின் நுனியை மறுபடி மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும். சுண்ணாம்பு தடவ மறந்தால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாளைச் சீவல் சுருள் சுருளாக வந்து விழும். செக்கச்செவேல் என்ற மணலில் அந்த வெளிறிய சுருளும், பக்கத்திலேயே சுண்ணாம்பு சொட்டிய வெள்ளைப் புள்ளிகளும் கிடக்கும். சற்று நேரத்தில் எறும்பு சாரை பிடித்துவிடும். அவர் இறங்கி வந்து தளைநாரைக் கழற்றும்போது பார்த்தால், மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சு முழுக்கக் காய்த்துப் போயிருக்கும். அந்தப் பக்கம் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் பெரியம்மா புகைக்குள் உட்கார்ந்து, காலைப் பதநீரைக் காய்ச்சி இறக்கிய பாகைச் சிரட்டைகளில் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

நீங்கள் ஆளில்லாமல் எடுக்க நினைக்கிற அந்த நேரம்தான் எங்கள் தேரியில் வேலை மும்முரமாக நடக்கிற நேரம். பொழுது அடைகையில் உங்கள் தாத்தா ஏதோ ஒரு பனையின் உச்சியில் இருந்திருப்பார். பனையேறிகள் இன்று குறைந்துபோனார்கள், உண்மை. ஆனால் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. நீங்கள் வருகிற மாதத்தில் பதநீர் இருக்காது. அதற்குப் பதிலாகப் பனங்கொட்டை புதைத்த பாத்திகளைத் தோண்டிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் படம் எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆள் நடமாட்டம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சாயர்புரம் தேரியில் புவியியலாளர் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பிறகு தொல்லியல் ஆய்வாளர்களான சாய்னரும் ஆல்ச்சினும் திருநெல்வேலித் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956இல் விரிவாகவே எழுதினார்கள். விரல்நுனி அளவே உள்ள குவார்ட்ஸ், செர்ட் என்ற கற்களின் சில்லுகள். இந்த மணலில் உட்கார்ந்து யாரோ உடைத்துக் கூராக்கியவை. 1986இல் மாவட்டம் பிரிந்து இந்தப் பக்கமெல்லாம் தூத்துக்குடிக்குப் போனாலும் எங்கள் வாயில் இது திருநெல்வேலிச் சீமைதான்.

ஒரு படத்துக்கு இத்தனை பேச்சா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதை இப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குவார்ட்ஸ் மணிகளின் மேல் இரும்புத்துரு படிந்துதான் தேரி சிவந்திருக்கிறது. அந்த மணலோடு டைட்டானியம் தரும் இல்மனைட்டும் ரூட்டைலும், சிர்கான், கார்னெட் என்ற கனிமங்களும் கலந்திருக்கின்றன. எல்லாம் விலைபோகிற சரக்கு. 2007இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் ஆலைக்காக நிலம் எடுக்கும் பேச்சு வந்தது. சனங்கள் எதிர்த்து நின்றதால் நடக்காமல் போயிற்று. ‘அங்கே என்ன இருக்கிறது, வெறும் மணல்தானே’ என்று அப்போது படித்தவர்கள் சொல்ல என் காதால் கேட்டேன். நீங்கள் எழுதிய அதே வரி. யாருமில்லை, ஒன்றுமில்லை என்று ஆயிரம் படங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால், நாளைக்குத் தோண்ட வருகிறவனுக்கு வேறு சாட்சியே வேண்டாம். அழகுக்காக நீங்கள் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிற ஆள்தான், அவனுக்கு எதிராக மறியலில் உட்கார வேண்டிய ஆள்.

தண்ணீரையும் நினையுங்கள். தேரியில் பெய்யும் மழை ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே மணலுக்குள் இறங்கிவிடும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். இந்தச் செம்மணல் காட்டுக்குள் சுனை இருக்கிறது. மணலை வாரிவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகள் எதை நம்பி ஊறும்?

டிசம்பர் நடுவில் வருவது ஒரு வகையில் நல்லதாயிற்று. கார்த்திகை முடிவதை ஒட்டி, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். கோயிலுக்குப் பின்னால் தேரியில் இளநீரை வெட்டுவார்கள். அது சிதறி நனைந்த மண்ணை எடுக்க சனம் முட்டி மோதும். முந்தானையில் முடிந்து கொண்டுபோய் வீட்டிலும் வயலிலும் கல்லாப்பெட்டியிலும் வைத்துக்கொள்வார்கள். வெறும் மணல் என்றீர்களே, அந்த மணலைத்தான்.

அன்றைக்கே வாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாத்தா ஏறிய பனைவிளை எது என்று காட்ட அவரால் முடியும். சூரியனை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கடைசி வெயில் கிழக்குப் பார்த்துத்தான் விழும். மணலும் பனையும் முகங்களும் அந்தப் பக்கம்தான் சிவந்து நிற்கும். முகத்தை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நம்மவர்கள் மாட்டேன் என்று சொல்வது அபூர்வம்.

திருவிழா நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயில் ஏறி, இறங்கியபின் பஸ் பிடித்து வருவது உத்தமம். டிரோன் வேண்டாம். சாமி கும்பிட வந்தவர்கள் தலைக்கு மேலே அது இரைந்துகொண்டு சுற்றக் கூடாது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.