சேவலா, பெட்டையா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே அடையில் பொரித்த 10 குஞ்சுகளுக்கு இப்போது 7 வாரம். நான்கிற்குக் கொண்டை சிவந்துவிட்டது. மற்ற ஆறும் பெட்டைதான் என்று முடிவு செய்யலாமா?

பதில்: அந்த நான்கும் பெரும்பாலும் சேவல்கள்தான். கொண்டையோடு தாடியும் தடித்துச் சிவந்திருந்தால் சந்தேகமே வேண்டாம் என்னும் அளவுக்கு நம்பலாம். மற்ற ஆறையும் பற்றி இப்போதே முடிவு கட்டாதீர்கள். குடற்புழுவோ இரத்தக் கழிச்சலோ இருந்தால் சேவலின் கொண்டையும் வெளிறித்தான் கிடக்கும். கூட்டத்தில் ஒரு சேவல் முந்தி வலுத்துவிட்டால், அதற்குப் பயந்து ஒதுங்கும் சேவல்களுக்குக் கொண்டை மெதுவாகவே வளரும்.

12 வாரம் ஆனதும் முதுகைப் பாருங்கள். இருட்டி, குஞ்சுகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள், பதறாமல் இருக்கும். தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலுக்குச் சற்று முன்னால், முதுகு இரு பக்கமும் சரியும் இடத்தில் விளக்கு வெளிச்சம் விழச் செய்யுங்கள். மேலே தெரியும் பழைய இறகுகளை விரலால் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து புதிதாக முளைத்து வருபவற்றை மட்டும் பாருங்கள். குஞ்சுப் பருவத்து இறகு சேவலுக்கும் நுனி உருண்டுதான் இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். புதிய இறகு ஒடுங்கி, நுனி கூராகி, பளபளவென்று ஓரம் பிரிபிரியாக வந்தால் அது சேவல். அப்படி ஒன்றிரண்டு தென்பட்டாலே போதும். பெட்டைக்குப் புதிய இறகும் அகலமாக, நுனி வளைந்தே வரும். அப்போது எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

இந்த அடையாளம் உறுதியானது என்பதற்குக் காரணம் உண்டு. இறகின் நுனியை உருண்டையாக்குவது பெட்டையின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். அது இல்லாத உடலில் கூரிறகுதான் முளைக்கும். அதனால்தான் விதை நீக்கிய சேவலும் சேவல் இறகோடு இருக்கிறது. சூலகம் கெட்டுப்போன வயதான பெட்டைக்குச் சில சமயம் சேவல் இறகு முளைக்கிறது. செப்ரைட் இனம் இதற்கு விலக்கு. அதில் சேவலுக்கும் பெட்டை இறகுதான். சில்க்கி இனத்திலும் இறகு பஞ்சுபோல இருப்பதால் இந்தச் சோதனை சரிப்படாது.

கேள்வி: இறக்கையை விரித்துப் பார்த்தே ஒரு நாள் குஞ்சில் சொல்லிவிடலாம் என்கிறார்களே?

பதில்: அதற்கென்று இணைசேர்த்த கோழிகளின் குஞ்சுகளில் மட்டும் முடியும். தாய் மெதுவாக இறகு முளைக்கும் வகையாகவும், தந்தை வேகமாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். பொரித்து இரண்டு நாளுக்குள் இறக்கையின் ஓரத்தில் இரண்டு வரிசை முளைகளைப் பார்க்கலாம். கீழ்வரிசை மேல்வரிசையைவிட நன்றாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ, மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். கலப்பாகத் திரியும் வீட்டுக் கோழிகளின் குஞ்சுகளில் இது வெறும் குருட்டு யூகம்தான்.

நிறத்தை வைத்துப் பிரிப்பதும் இதே கதைதான். உடம்பில் வரிவரியாகக் கோடு உள்ள பெட்டையோடு, வரியில்லாத கறுப்புச் சேவலையோ சிவப்புச் சேவலையோ சேர்த்தால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளவை சேவல்கள். ஆனால் அந்தக் குஞ்சுகளே வளர்ந்து தங்களுக்குள் இணைந்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் செல்லாது.

கேள்வி: கூர்மையான முட்டையில் சேவல் பொரிக்கும் என்பது உண்மையா?

பதில்: இல்லை. ஆணா பெண்ணா என்பது பெட்டையின் கருமுட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவம் அதற்குப் பிறகு உருவாவது.

கேள்வி: என் குஞ்சுகளில் ஒன்று கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. சேவல்தானே?

பதில்: 3, 4 வாரக் குஞ்சுகள் ஆணும் பெண்ணும் அப்படித்தான் மல்லுக்கு நிற்கும். காலில் முள் மொட்டு விட்டிருப்பதையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், பெட்டைக்கும் முளைக்கும். கூவினால் அநேகமாகச் சேவல். ஆனால் சேவலே இல்லாத கூட்டத்தில் முதன்மைப் பெட்டை கூவுவதும் உண்டு, ஆகவே முதுகு இறகையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வெடக்கோழி, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டை என்றால், முட்டைக்கு வரும் தறுவாயில், முதுகில் கை வைத்ததும் இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். சேவல் அப்படிப் பதுங்காது.

கேள்வி: குஞ்சின் எச்சத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை வீட்டில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே தேட வேண்டியது கடுகளவுகூட இல்லாத ஒரு புடைப்பு. பெட்டைக் குஞ்சுகள் சிலவற்றுக்கும் அதைப் போலவே தெரியும். குஞ்சு பொரிப்பகங்களில் இதற்கென்றே நெடுநாள் பழகியவர்கள் இருக்கிறார்கள். பழகாத விரல் சற்று அழுத்தினாலும் குஞ்சின் குடலோ, வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள்கருப் பையோ கிழிந்துவிடும்.